சுருட்டு ஃபிரிட்ஜின் முள்

மன நிம்மதி கேட்டு ஏற்காட்டுக்கு வருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பாய் கொண்டுவருவார்கள், தலையணை கொண்டுவருவார்கள், ஒருத்தர் நாயைக்கூடக் கூட்டிவந்தார். ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு வந்தவர் ஜெபமணி அண்ணாச்சி ஒருத்தர்தான்.

நான் அங்கே சமையல் செய்கிறவள். காப்பித் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிற அந்த வீட்டில் ஆசிரமம் என்று பலகை எதுவும் கிடையாது. யமுனா டீச்சர் இருக்கிற வீடு, அவ்வளவுதான். சேலத்தில் பிசிக்ஸ் நடத்திக்கொண்டிருந்தவர், நாற்பது வயதில் வேலையை விட்டுவிட்டு மேலே வந்துவிட்டார். அவரைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் அவரைவிட மூத்தவர்கள். உபதேசம் என்று எதுவும் செய்யமாட்டார். ஏதாவது கேட்டால் திருப்பிக் கேள்வி கேட்பார். சில நாள் எனக்கே எரிச்சலாக வரும்.

அண்ணாச்சி தூத்துக்குடிக்காரர், கப்பலில் சீஃப் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கொண்டுவந்தது ஒயின் பாட்டில் வைக்கிற கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ். பாட்டில் தட்டுகளைக் கழற்றிவிட்டு, தேவதாருப் பலகை அடித்து, அதைச் சுருட்டு வைக்கிற அலமாரியாக மாற்றியிருந்தார். உள்ளே ஒரே ஒரு பெட்டிச் சுருட்டு, பக்கத்தில் ஈரப்பதம் காட்டுகிற வட்ட மீட்டர் ஒன்று. ஈரம் குறைந்தால் இலை வெடித்துவிடுமாம், கூடினால் பூஞ்சை பிடித்துவிடுமாம், முள் எழுபதை ஒட்டியே நிற்க வேண்டுமாம். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த எனக்கு வகுப்பே எடுத்தார்.

அந்தப் பெட்டிக்கு ஒரு கதை உண்டு. அவருடைய மகன் ரூபஸ் முதல் கப்பலில் கியூபா பக்கம் போனபோது, முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வாங்கிவந்தது அது. ஒரு நல்ல நாளில் சேர்ந்து பிடிப்போம் என்று இரண்டு பேரும் மூடி வைத்தார்களாம். பிறகு அந்தப் பையன் கப்பல் வேலையை உதறிவிட்டுப் பாண்டிச்சேரியில் பேக்கரி போட்டான். என் வாசலை மிதிக்காதே என்று அண்ணாச்சி கத்திவிட்டார். மனசு கேட்காமல் அடுத்த வாரமே பணம் அனுப்பினார். அவன் திருப்பி அனுப்பினான். மறுபடி திட்டு, மறுபடி பணம். சில வருஷமாகப் பேச்சே இல்லை. இப்போது அம்மா அழுது கேட்டதால், ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வந்து அப்பாவைப் பார்க்கச் சம்மதித்திருக்கிறான்.

"அவன் கையில ஒரு சுருட்டு குடுக்கணும்மா. நான் பத்திரமா வச்சிருந்தேன்னு அவனுக்குத் தெரியணும். காட்டுறதுக்கு என்கிட்ட வேற என்ன இருக்கு?" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. என் மிக்ஸி பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த ஃபிரிட்ஜைச் சொருகியபோது நான் வாயைத் திறக்காமல் இருந்தது அதனால்தான்.

ஆனால் முள் நின்றால்தானே! காலையில் பார்த்தால் ஐம்பதில் கிடக்கும். அண்ணாச்சி ஸ்பாஞ்சை நனைத்து உள்ளே வைப்பார். சாயங்காலம் எண்பதைத் தாண்டியிருக்கும். ஐயையோ என்று ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு, குளிரை இன்னும் கொஞ்சம் திருகி வைப்பார். மறுபடி ஐம்பது. ஒரு சுருட்டின் மேல் இலை கீறிவிட்டது. இன்னொன்றில் வெள்ளை வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. மனுஷன் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

கடைசியில் டீச்சரிடம் போனார்.

"டீச்சர், ஒரு பொருளை ஒரே நிலையில நிக்க வைக்கிறது எப்படி? நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன். நிக்க மாட்டேங்கு."

டீச்சர் வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஃபிரிட்ஜுக்கு முன்னால் உட்கார்ந்தார். மீன்தொட்டி பார்க்கிற குழந்தை மாதிரி அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். இவருக்கு வேறு வேலை இல்லையா என்று எனக்குத் தோன்றியது.

"தண்ணி எங்கே போகுது அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"எந்தத் தண்ணி?"

"நீங்க தினமும் உள்ளே வைக்கறது."

அண்ணாச்சி எழுந்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். அடியில் இருந்த சின்னத் தட்டில் தண்ணீர் ததும்பி நின்றது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பின்னால் எனக்கு விளக்கிச் சொன்னார். மெஷின் ஓடும்போது உள்ளே தகடு சில்லிட்டுப்போகும். காற்றில் இருக்கிற ஈரம் அதில் தண்ணீராகப் படிந்து, ஓட்டை வழியாகப் பின்னால் வடிந்துவிடும். கப்பலில் ஆயுசு முழுக்க ஏசி மெஷின் ஓட்டியவருக்கு இது தெரியாததா என்ன?

"தெரியும் டீச்சர்" என்று அவரே ஒப்புக்கொண்டார். "மெஷின் எடுத்தா எடுக்கட்டும், நான் ஊத்திக்கிட்டே இருக்கேன், யாரு ஜெயிக்கான்னு பாப்போம்னு இருந்துட்டேன்."

"யாரு ஜெயிச்சது?"

அண்ணாச்சி சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "சுருட்டு தோத்துச்சு" என்றார்.

வெளியே மார்கழிப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. இந்தக் குளிருக்கு மெஷின் எதற்கு என்று டீச்சர் கேட்டார். ஓடாத மெஷினை எப்படி நம்புகிறது என்று அண்ணாச்சி கேட்டார். டீச்சர் பிளக்கைப் பிடுங்கினார். தண்ணீர் வடிகிற ஓட்டையை மெழுகு வைத்து அடைத்தார். பிறகு என்னிடம் ஒரு கிண்ணத்தில் உப்பு கேட்டார். கொடுத்தேன். அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். ஈரம் குறைந்தால் உப்பு கொடுக்கும், கூடினால் வாங்கிக்கொள்ளும், நாம் சொல்லித்தர வேண்டாம் என்றார்.

கொஞ்ச நேரத்திலேயே முள் இன்னும் கீழே போனது.

அண்ணாச்சியின் கை கதவுப் பக்கம் போயிற்று. "திறந்து தொட்டுப் பாத்தாத்தானே டீச்சர், உள்ளே எவ்வளவு ஈரம் இருக்குன்னு தெரியும்?"

"திறந்த பிறகு எவ்வளவு மிஞ்சியிருக்குன்னுதான் தெரியும்" என்றார் டீச்சர்.

கை கீழே இறங்கியது. மறுநாளும் முள் அங்கேயே படுத்துக் கிடந்தது. பலகை காய்ந்து போயிருக்கிறது, முதலில் அதுதான் குடிக்கும் என்று அண்ணாச்சி தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்து ஈரத்துணி கேட்டார். எதற்கென்று எனக்குத் தெரியாதா? ஒரு கூடை உருளைக்கிழங்கைக் கொடுத்து உரிக்கச் சொன்னேன். பாவம், மறுபேச்சு பேசாமல் உரித்தார். பாதியைச் சதையோடு சேர்த்து உரித்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் முள் எழுந்து எழுபதைக் கொஞ்சம் தாண்டி நின்றது. சாயங்காலம் பார்த்தபோதும் அங்கேயே நின்றது. அண்ணாச்சி எத்தனை தடவை போய்ப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும், ஆனால் ஒரு தடவைகூடக் கதவைத் தொடவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டாவது தடவை சோறு கேட்டார். எனக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று.

"நிக்கும்னு எப்படி டீச்சர் தெரிஞ்சது உங்களுக்கு?" என்று கேட்டார்.

"தெரியாது. என்னதான் பண்ணுதுன்னு பார்க்க ஆசையா இருந்தது. அதான் உட்கார்ந்தேன்."

அண்ணாச்சி பிறகு மனசில் இருந்ததைக் கேட்டார். நாளைக்கு அவன் வந்ததும் முதலில் மன்னிப்புக் கேட்கட்டுமா, இல்லை புத்தி சொல்லிவிட்டு அப்புறம் மன்னிப்புக் கேட்கட்டுமா? இரண்டையும் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறாராம்.

"அவர் என்ன சொல்வார்?" என்றார் டீச்சர்.

"எனக்குத் தெரியாதா? என் பிள்ளையாச்சே. கடை ஜோராப் போகுதும்பான். உங்க பணம் ஒண்ணும் வேண்டாம்பான். முறைச்சுக்கிட்டு நிப்பான். அதுக்கு நான் என்ன சொல்லணும்னா..."

"ரெண்டு பேர் பேச வேண்டியதையும் நீங்களே பேசி முடிச்சிட்டீங்களே அண்ணாச்சி. அப்புறம் நாளைக்கு அவர் எதுக்கு மலை ஏறி வரணும்?"

அண்ணாச்சி தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ரூபஸ் வந்தான். அப்பாவின் அதே மூக்கு, கையில் சூட்டுத் தழும்புகள். வணக்கம் மட்டும் சொன்னான். அண்ணாச்சி கதவைத் திறந்து பெட்டியை எடுத்து, நல்லதாகப் பார்த்து ஒன்றை அவன் கையில் கொடுத்தார். அவன் அதை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தான். மூக்கருகே கொண்டுபோனான். அப்படியே கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

இரண்டு பேரும் வெளிப்படியில் உட்கார்ந்து பற்றவைத்தார்கள். நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன். டீச்சர் சற்றுத் தள்ளிச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடை சரியாப் போகலப்பா" என்றான் ரூபஸ், தரையைப் பார்த்துக்கொண்டே. "அடுப்புல ஏதோ கோளாறு. ஒரு பக்கம் ரொட்டி கருகுது, ஒரு பக்கம் வேகவே மாட்டேங்கு. என்னன்னே புரியல."

எனக்குத் திக்கென்றது. ஆயுசு முழுக்கப் பாய்லரோடு கிடந்த மனுஷனிடம் போய் அடுப்புக் கோளாறைச் சொல்கிறான். அண்ணாச்சியின் வாய் திறந்தது. அப்போதே சொன்னேனே என்பதும், எவ்வளவு வேண்டும் சொல் என்பதும் சேர்ந்தே வந்து தொண்டையில் நின்றதை நான் பார்த்தேன். அவர் டீச்சர் பக்கம் பார்த்தார். டீச்சர் திரும்பவே இல்லை.

சுருட்டின் சாம்பல் நீண்டு, தானே உதிர்ந்தது.

"நான் ஒரு நாள் வந்து, அடுப்புப் பக்கத்துல சும்மா உக்காந்து பாக்கட்டுமாப்பா?" என்றார் அண்ணாச்சி.

ரூபஸ் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"விடியறதுக்கு முன்னாடியே அடுப்பைப் பத்த வச்சிருவேன். எந்திரிச்சிருவீங்களா?" என்றான்.