பாசி பிடித்த தொட்டி

“சாமி, என் வீட்டு மீனெல்லாம் சாகுது. ஒரு வழி சொல்லணும்.”

மடத்துக்குள் நுழைந்து உட்காரும் முன்பே கந்தவேள் இதைச் சொன்னார்.

சாமிக்கு அவரில் பாதி வயதுதான் இருக்கும். ஒரு காலத்தில் கந்தவேள் வாத்தியாரிடம் கணக்குப் படித்து, பிரம்படியும் வாங்கியவர். அடித்த கையே இன்றைக்குக் கும்பிடுகிறது என்று ஊரில் கேலி உண்டு. கந்தவேள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

“யாரோட மீனு சார்?”

“என் மக மணிமொழியோடது. கல்யாணமாகிப் போறப்ப, ‘பத்திரமா பாத்துக்கங்கப்பா’ன்னு தொட்டியக் காட்டிட்டுப் போனா. இப்ப தண்ணி பூரா பச்சை. கண்ணாடியெல்லாம் பாசி. தேய்ச்சா மறுநாளே வந்துருது. ரெண்டு மீனு போயிருச்சு. அவகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?”

“இன்னும் சொல்லலையா?”

“அவ போனையே எடுக்கறதில்ல சாமி. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க.”

சாமி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“வாங்க சார், தொட்டியப் பாப்போம்.”

வீட்டுக் கூடத்தில், பட்டப்பகலில் தொட்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பச்சைத் தண்ணீருக்குள் ஏதோ ஆரஞ்சு நிறத்தில் மங்கலாக அசைந்தது.

“விளக்கு எப்பப் போட்டது?”

“புகுந்த வீட்டுக்குக் கிளம்பறப்ப அவ கையால போட்டது. பொண்ணு ஏத்திவெச்ச விளக்க நான் எப்படி அமத்துவேன்? ராத்திரி பகலா எரியுது.”

“தீனி?”

“நான் ஒரு வாய் சாப்பிட்டா அதுங்களுக்கும் ஒரு சிட்டிகை. காப்பி குடிச்சாலும் உண்டு. போடாம விட்டா அங்க மணியே பட்டினி கெடக்கற மாதிரி இருக்கு.”

சொல்லிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். அது அடித்து அடித்து ஓய்ந்தது.

“அடிக்கடி கூப்பிடுவீங்களோ?”

“எழுந்தாளான்னு கேக்கணும். சாப்பிட்டாளான்னு கேக்கணும். தூங்கப் போனாளான்னு கேக்கணும். ‘மாமியார் முகம் சுளிக்கறாங்கப்பா’ன்னு ஒரு நாள் அழுதா. அதுல கவலை கூடிப்போயி இன்னும் ரெண்டு தடவை சேத்துக் கூப்பிடறேன்.”

சாமி சிரிக்கவில்லை. சுவிட்சைத் தட்டி விளக்கை அணைத்தார். தீனி டப்பாவை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை விரித்துத் தொட்டியை மூடினார்.

“டேய்!” வாத்தியாருக்கு வாய் தவறிவிட்டது. “இருட்டுல கெடந்து செத்துருமே! உசுரோட இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது.”

“அப்ப நான் என்ன செய்யறது?”

“ஒண்ணும் செய்யாதீங்க சார்.”

சாமி படியிறங்கிப் போய்விட்டார்.

கந்தவேள் தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கை துண்டின் ஓரத்துக்குப் போனது. கையை இழுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அதே கை சட்டைப்பைக்குப் போனது.

பாதியில் நின்றது.

துண்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்துத் தொட்டிமேல், துண்டின் மீது கவிழ்த்து வைத்தார். அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சில நாள் கழித்து அந்தப் போன் அடித்தது.

“என்னப்பா, சத்தத்தையே காணோம்? சாப்பிட்டீங்களா?” மணிமொழிதான்.

“ஆச்சும்மா.”

“மீனெல்லாம் எப்படி இருக்கு?”

கந்தவேள் துண்டை விலக்கினார். தண்ணீர் தெளிந்திருந்தது. மீன்கள் அவரைக் கண்டுகொள்ளாமல் நீந்திக்கொண்டிருந்தன.

“ரெண்டு போயிருச்சும்மா. என் தப்புதான். மிச்சம் நல்லா இருக்கு.”

நீ எப்படி இருக்கே என்ற கேள்வி நாக்கின் நுனிவரை வந்தது. வாயை மூடிக்கொண்டார்.



“அப்பா,” என்று அவளே சொல்லத் தொடங்கினாள்.