போன் கூடை

சுபத்ரா காய்கறிக் கூடையைக் கொண்டுவந்து எஸ்தர் டீச்சரின் மேஜையில் தொப்பென்று வைத்தாள். உள்ளே பதினோரு போன்கள். அறிவுத்திறன் குறைந்த பிள்ளைகள் படிக்கும் அந்தப் பள்ளியில் அவள் பயிற்சி ஆசிரியையாகச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

"இனிமே இந்தப் பிள்ளைங்க கையில போனே இருக்கக் கூடாது டீச்சர்."

"என்னம்மா நடந்தது?"

நடந்தது இதுதான். பதினேழு வயது பிலோமினாவுக்குப் போனில் ஒரு நண்பன் கிடைத்தான். டான்ஸ் ஆடி வீடியோ அனுப்பு என்றான். நம்பி அனுப்பினாள். அந்தப் படுபாவி அதில் கழுதை கத்துகிற சத்தத்தைச் சேர்த்து ஊருக்கே காட்டிவிட்டான். ஒரே நாளில் ஆயிரம் சிரிப்பு பொம்மைகள் வந்து விழுந்தன. பிலோமினாவோ வகுப்பு முழுக்க அதைக் காட்டிக்கொண்டு திரிந்தாள். "எல்லாரும் சிரிக்கிறாங்க. எல்லாருக்கும் என்னைப் பிடிச்சிருக்கு!" கேட்டால் வயிறு எரியாதா?

"அவகிட்ட உண்மையைச் சொன்னியா?"

"எப்படி டீச்சர்? தாங்க மாட்டா."

டீச்சர் பிலோமினாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"அவன் உன் ஃப்ரெண்டு இல்லம்மா. உன்னைக் கேலி பண்ணிப் போட்டிருக்கான். அவங்க சிரிக்கிறதும் கேலிச் சிரிப்புதான்."

பிலோமினாவின் முகம் சுருங்கியது. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அப்போ அவன் வேண்டாம். என் போனைக் குடுங்க மிஸ். ஒரு மணிக்கு முபீனா பேசுவா."

முபீனா இங்கே அவளோடு படித்தவள். குடும்பத்தோடு கோயம்புத்தூர் போய்விட்டாள். இரண்டு பேருக்கும் எழுதப் படிக்க வராது. ஒரு மணியானால் ஒருத்தி "சாப்டியா?" என்று குரல் அனுப்புவாள். மற்றவள் என்ன குழம்பு என்று சொல்லுவாள். இரண்டு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. அதையும் சேர்த்துத்தான் சுபத்ரா கூடையில் அள்ளிப் போட்டிருந்தாள்.

"தப்பு செஞ்சது யாரு, சுபத்ரா?"

"அந்தப் பொறுக்கி. அவன்கூடச் சேர்ந்து சிரிச்சவங்க."

"நீ யார் போனைப் பிடுங்கினே?"

டீச்சர் பதினோரு போன்களையும் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

"பிலோமினாவோட அம்மா வந்துட்டு இருக்காங்க. போலீஸுக்குப் போறோம். அதுக்குள்ள அந்த வீடியோவைப் பார்த்து, சிரிச்சவங்க பேரையெல்லாம் எழுது."

சுபத்ரா தன் போனைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். ஒவ்வொரு பேருக்கும் ஒரு திட்டு திட்டினாள். காகிதம் கிழிகிற மாதிரி பேனாவை அழுத்தினாள்.

ஒரு மணிக்குப் பக்கத்து அறையிலிருந்து முபீனாவின் குரல் கேட்டது. "சாப்டியா?"

"புளிக்குழம்பு!" என்று பிலோமினா கத்தினாள்.

சுபத்ராவின் பேனா நின்றுபோயிருந்தது.

"டீச்சர்... இதுல என் தம்பி பேரும் இருக்கு."

எஸ்தர் டீச்சர் காலிக் கூடையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போ."