விருந்தாளிக்குக் கொடுத்த ஊர்த் தண்ணி

மொட்டையங்குளத்துக்காரர்கள் புத்திசாலிகள். அதை அவர்களே பலமுறை சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஊர்க் குடிதண்ணீர் வருவது யாரோ ஒரு புண்ணியவான் பதித்துவிட்டுப் போன ஈயக் குழாயில். ஊரில் எல்லாருக்கும் தீராத வயிற்றுவலி. முப்பிடாதியின் மகள் பொன்னுத்தாய்க்குச் சோகையும் சேர்ந்து, பள்ளிக்கூடம் போகத் தெம்பில்லை. முப்பிடாதிதான் அலையாய் அலைந்து ஒரு அதிகாரியைக் கூட்டிவந்தாள்.

“ஈயம் தண்ணியில இறங்கினா இப்படித்தான் வலிக்கும்,” என்றார் அவர். தலைவர் சடையாண்டியிடம் ஒரு பாட்டிலை நீட்டினார். “இதுல ஊர்த் தண்ணி ரொப்பி வைங்க. சோதனையில ஈயம் தெரிஞ்சா அரசாங்கமே புதுக் குழாய் போட்டுரும்.” சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஊர் கூடிவிட்டது.

“வீடு தேடி வந்த மனுசனுக்கு அந்தக் கருமத்தையா குடுக்கப் போறீக?” என்றார் பூசாரி சுடலை.

“சோதிக்கத்தான கேக்காரு?” என்றாள் முப்பிடாதி.

“சோதிக்கட்டும் தாயி. அதுக்காக விருந்தாளிக்குக் கெட்ட தண்ணி குடுத்த ஊருன்னு பேரெடுக்கணுமா?” என்றார் தலைவர்.

முப்பிடாதிக்குச் சுருக்கென்றது. அந்தப் பாவம் தன் பிள்ளை தலையில் விடியவேண்டாம் என்று, அவளே செவ்விளநீர் வெட்டிப் பாட்டிலை நிரப்பினாள். நம்ம ஊர்த் தென்னைதானே, அதுவும் ஊர்த் தண்ணிதான்.

சோதனைச்சாலையிலும் மொட்டையங்குளத்துக்குச் சொந்தக்காரர்கள் இருந்திருக்கவேண்டும். பாட்டிலைக் கொண்டுபோன அதிகாரி சில நாள் கழித்துத் திரும்பி வந்து சொன்னார்: “தண்ணியில ஈயம் பேருக்குக்கூட இல்ல. சர்க்கரைதான் இருக்கு. குழாய் மாத்தவேண்டாம். சர்க்கரை நோய்க்காரங்க மட்டும் இதைக் குடிக்கவேண்டாம்.”

“நானும் நெனச்சேன், நாக்குல லேசா இனிக்குதேன்னு,” என்றார் சுடலை.

ஊரில் சர்க்கரை நோய் தலைவர் ஒருவருக்குத்தான். பாவம், அவருக்கு மட்டும் பக்கத்து ஊர்க் கிணற்றுத் தண்ணீர் சைக்கிளில் வந்தது. கொஞ்ச நாளில் அவருடைய வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை.

மறுபடியும் ஊர் கூடியது.

“எல்லாருக்கும் வலிக்கு. தலைவருக்கு மட்டும் எப்படி நின்னுச்சு?” என்று கேட்டாள் முப்பிடாதி.

சுடலை கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். “அவருக்கு இருக்கு, நமக்கு இல்ல, அது என்னது? சர்க்கரை நோய். அதுதான் வலியை விரட்டியிருக்கு.”

அன்றிலிருந்து முப்பிடாதி மகளுக்கு வேளை தவறாமல் கருப்பட்டி ஊட்டுகிறாள். இன்னும் சர்க்கரை நோய் வரக்காணோமே என்று அவளுக்கு ஒரே கவலை. கருப்பட்டி தொண்டையில் விக்கினால் குடிக்க, பக்கத்திலேயே ஒரு சொம்பு குழாய்த் தண்ணீரும் வைத்திருக்கிறாள்.