கூழைப்பட்டி லெவன்ஸ் லீக் ஆடிய லட்சணம்

கூழைப்பட்டிக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். அந்த ஊரைப் பிடித்த சனியனே அதுதான்.

சொல்லித் தொலைக்கிற வேலை பாக்கியநாதனுக்கு. மனுஷன் ஊர்க் கால்பந்து அணிக்குக் கோச். மாவட்ட லீக்கில் இரண்டாம் டிவிஷன். பன்னிரண்டு வருஷம் கருவேலம் வெட்டி, மேடு தட்டி, அவர் கையால் உண்டாக்கிய மைதானம் ஒன்று இருந்தது. பஞ்சாயத்துத் தலைவருக்கு அதன்மேல்தான் கண். "இந்த வருஷம் மூணாம் டிவிஷனுக்கு இறங்கிட்டீங்கன்னா அங்க கல்யாண மண்டபம்தான்" என்று சொல்லிவிட்டார்.

முதல் ஆட்டத்தில், "பந்தைவிட்டுக் கண்ணை எடுக்காதீங்கடா" என்றார் பாக்கியநாதன். எடுக்கவில்லையே! பதினொரு பேரும் நின்ற இடத்தில் நின்று பந்தையே பார்த்தார்கள். அது ஏழு தடவை வலைக்குள் போனதை அவ்வளவு அக்கறையாக உலகத்தில் எவனும் பார்த்திருக்க மாட்டான்.

அடுத்த ஆட்டத்தில், "பந்தை அவங்ககிட்ட கொடுத்துடாதீங்க" என்றார். கேப்டன் சுடலைமுத்து அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். அரிசிப் பானையில் வைத்து மூடினானாம், புத்திசாலி.

மழைக்குப் பயந்து இரண்டு அணிகள் வராமல் போன புண்ணியத்தில் கொஞ்சம் புள்ளி சேர்ந்தது. கடைசி ஆட்டம் மேலக்கரையோடு. டிரா ஆனாலே மைதானம் தப்பும். மேலக்கரை ஜெயித்தால் அவர்களுக்கு முதல் டிவிஷன்.

பாக்கியநாதன் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "ஆளுக்கு ஒருத்தனைப் பிடிச்சுக்குங்க. அவன் எங்க போனாலும் கூடவே போங்க. விட்டுடாதீங்க."

பயல்கள் வட்டமாக உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"அவங்க கோலியை யாருண்ணே பிடிக்கிறது?"

"கோலிக்குக் கோலிதான். தவசி, நீ போ."

"அப்ப நம்ம கோலை யாரு பார்த்துக்கிறது?"

"கோல் எங்கடா போகப்போகுது? ஆளுதான் ஓடுவான்" என்றான் சுடலைமுத்து. எல்லோரும் தலையாட்டினார்கள்.

கோல்கீப்பர் தவசி எதிர்க்கோடிக்கு ஓடி, மேலக்கரைக் கோலியின் தோளை உரசிக்கொண்டு நின்றான். நம் கோல் திறந்த வீடு. ஆனால் பாருங்கள், மேலக்கரைக்காரன் எவனாலும் திரும்பக்கூட முடியவில்லை. ஒவ்வொருவன்மேலும் ஒரு அட்டைப்பூச்சி ஒட்டியிருந்தது. எண்பது நிமிஷம் கோலே விழவில்லை. மைதானம் பிழைத்தது என்று பாக்கியநாதனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அப்போது பார்த்து மேலக்கரையில் ஒருவனுக்குக் கால் பிசகியது. அவனை வெளியே உட்கார வைத்து வேறொருவனை இறக்கினார்கள். சுடலைமுத்துவும் கூடவே வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"அடப்பாவி, உள்ள போடா!"

"இவன் போகட்டும் சார், போறேன்."

"அவன் இனிமே போகமாட்டான்டா!"

"அப்ப நானும் மாட்டேன்."

புதிதாக வந்தவனைப் பிடிக்க ஆளில்லை. ஆற அமரப் பந்தை உருட்டிக்கொண்டு போய்க் காலிக் கோலில் மூன்று போட்டான்.

விசில் ஊதியாயிற்று. பாக்கியநாதன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நிமிர்ந்தால் மைதானத்தில் ஒரு பயலையும் காணோம். மேலக்கரை வேன் புறப்படுகிறது, ஒவ்வொருவன் மடியிலும் ஒரு கூழைப்பட்டிக்காரன்.

"எங்கடா போறீங்க?" என்று அலறிக்கொண்டு ஓடினார்.

சுடலைமுத்து ஜன்னலில் தலையை நீட்டினான். "முதல் டிவிஷனுக்கு சார்! இவங்க போறாங்க, நாங்களும் விடாம போறோம். அந்த மைதானம் இனிமே நமக்கு எதுக்கு? மண்டபமே கட்டிக்கச் சொல்லுங்க!"