பூநாரையை மறைத்த பறவை

மொட்டைக்குளத்து ஏகாம்பரம் வீட்டு அறிவைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்தால் போதுமா? நீங்களும் கொஞ்சம் அனுபவியுங்கள்.

நீண்ட காலும் ரோஸ் இறகுமாகத் தண்ணீரில் நடக்குமே பூநாரை, அதைக் காட்டுவதாகக் கல்யாணமான புதிதில் மனைவி தனபாக்கியத்துக்கு வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தார் ஏகாம்பரம். ஏழு வருஷம் ஓடிப்போச்சு. "இந்த ஞாயித்துக்கிழமை காட்டலேன்னா எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். நீங்களே பொங்கித் தின்னுங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். சுடுதண்ணி வைத்தாலே தீய விடுகிற மனுஷன் ஆடிப்போய்விட்டார்.

கட்டுச்சோறும், தனபாக்கியத்தின் தம்பி கொளஞ்சியுமாக உப்பு ஏரிக்குப் போனார்கள். ஏரிக் காவலர் ஒரு பைனாகுலரைக் கொடுத்து, பாவம், நல்ல மனசோடு சொன்னார்: "சத்தம் போடாதீங்க. அசையாதீங்க. பறவை கண்ணுல பட்டா கண்ணை எடுக்காதீங்க."

ஏரியின் அந்தக் கடைசியில் பூநாரைக் கூட்டம். ஏகாம்பரம் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார்.

"தனம்! வந்துடுச்சு! மூக்குக்கு நேரா நிக்குது!"

"குடுங்க, நான் பார்க்கிறேன்."

"எப்படிக் குடுக்கிறது? கண்ணை எடுக்கக் கூடாதுன்னாரே!"

கொளஞ்சி யோசித்தான். அவன் யோசித்தால் யாருக்காவது கேடு என்பது ஊரறிந்த விஷயம். "மாமா சொல்றது சரிக்கா. எடுத்தா அது பழையபடி தூரத்துக்கு ஓடிடும். அம்மாந்தூரத்திலேர்ந்து நமக்காக வந்திருக்கு."

"ஒத்தைக் கால்ல நிக்குதுடா."

"நடந்த களைப்பு மாமா. இன்னொரு காலுக்கு லீவு விட்டிருக்கும்."

"அப்ப நான் எப்பத்தான் பார்க்கிறது?" தனபாக்கியத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். பூநாரை இருக்கிற வரை ஏகாம்பரம் பார்ப்பது, அது பறந்து போனதும் தனபாக்கியம் பார்ப்பது. மூவருக்கும் பரம திருப்தி.

மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். கட்டுச்சோற்றைக் காக்கைகள் பிரித்துச் சாப்பிட்டன. அசையக் கூடாதே! இவர்களை நட்டுவைத்த கம்பு என்று நினைத்ததோ என்னமோ, பூநாரைக் கூட்டமே மேய்ந்து மேய்ந்து பக்கத்தில் வந்துவிட்டது. ஒன்று நேராக வந்து பைனாகுலருக்கு முன்னால் நின்றது.

"ஐயையோ! எல்லாம் மங்கிப்போச்சு! ஏதோ மறைக்குது!" என்று அலறினார் ஏகாம்பரம்.

தனபாக்கியம் திரும்பிப் பார்த்தாள். கைக்கெட்டும் தூரத்தில் ரோஸ் இறகு, வளைந்த மூக்கு, நெட்டைக் கால்.

"ஏதோ ஒரு பறவைங்க, குறுக்க வந்து நிக்குது. சூ! தள்ளு! நானே ஏழு வருஷமா பூநாரைக்குக் காத்துக்கிட்டிருக்கேன், நீ வேற!"

கொளஞ்சி துண்டைச் சுழற்றினான். அத்தனையும் படபடவென்று எழும்பிப் போய்விட்டன.

"இப்ப உன் முறை, தனம்." ஏகாம்பரம் பைனாகுலரை நீட்டினார். அவள் பார்த்தாள். வெறும் தண்ணீர்.

ஆனாலும் தனபாக்கியம் நியாயம் தெரிந்தவள். "உங்க மேல தப்பில்லைங்க. நான் எங்கேயும் போகலை" என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று காவலரிடம் போனாள்.

"என்ன இடம் சார் வச்சிருக்கீங்க? கண்ட பறவையையும் இங்க மேய விட்டா, மனுஷங்க எப்படிப் பூநாரை பார்க்கிறது?"