மயில்பால்

மீன், தவளை, பாம்பு, மயில், பசு, இந்த ஐந்தின் பாலையும் கலந்து குடித்தால் நரையே வராது என்று ஜமீன்தாரிடம் எவனோ ஒரு வைத்தியன் சொல்லிவிட்டான். அரண்மனைப் பிராணிகளைப் பார்த்துக்கொள்ளும் இருளாண்டிக்கு உத்தரவு வந்தது. பால் வராவிட்டால் சவுக்கடி.

மறுநாள் சபையில், பசும்பால் செம்போடு மட்டும் அலுத்துப்போய் வந்து நின்றான் இருளாண்டி.

“மத்தது எங்கேடா?”

“எசமான், கன்னை ஊட்டவிட்டாத்தானே பசுவே பால் சுரக்கும்? மீனும் தவளையும் தண்ணியில முட்டையைப் போட்டுட்டுப் போயிருச்சுங்க. பாம்புக்குட்டி முட்டையை விட்டு வந்ததுமே தன் வழியைப் பாத்து ஓடிருச்சு. மயில்குஞ்சு ஒண்ணுதான் தாயோட நிக்குது. அதுவும் மடியைத் தேடாம அரிசியைக் கொத்துது.”

“குடிக்கப் பழக்க வேண்டியதுதானேடா!”

“யாராவது ஒரு தரம் குடிச்சுக் காட்டினாப் பழகிக்கும். மயில்கிட்டப் பால் இருக்குன்னு நம்புறவங்க வாய் வச்சாத்தான் சரியா வரும். பெட்டையைப் பிடிச்சு வாசல்ல கட்டியிருக்கேன். எசமான் வரணும்.”

சபையில் யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். ஜமீன்தார் பசும்பாலை வாங்கிக் குடித்தார்.

இருளாண்டி காலிச் செம்பை எடுத்துக்கொண்டு மயிலை அவிழ்த்துவிடப் போனான்.