ருமானியின் தண்ணீர்

கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் பிலோமினாவின் கடைக்கு ஒரு வழக்கம் இருந்தது. வீட்டுத் தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து காட்டாதவருக்கு அவள் மீன் கொடுக்க மாட்டாள். பிழைக்கத் தெரியாதவள் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். அவள் அப்பா கடையைப் பார்த்துக்கொண்ட காலத்திலும் இதே கேலிதான்.

ஞாயிறுதோறும் அங்கே பாடம் கேட்க வருவார் தெய்வசிகாமணி. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சீடருக்கு அறுபத்திரண்டு வயது, குருவுக்கு முப்பத்து நாலு.

அவர் மனைவி சுலோச்சனா இறந்து எட்டு மாதமாகியிருந்தது. அவள் வளர்த்த கோல்டு ஃபிஷ் ஒன்று மட்டும் வீட்டில் மிச்சம். மாம்பழ நிறம் என்பதால் ருமானி என்று பேர் வைத்திருந்தாள். அது தனியாகச் சுற்றுவதை அவரால் பார்க்க முடியவில்லை.

"என் மீனுக்கு எது சேரும் குருவே?"

"ஏஞ்சல் சேராது சார். அதுக்கு வெதுவெதுப்பு வேணும், உங்களுதுக்குக் குளிர்ச்சி வேணும். டைகர் பார்ப் வாலைக் கடிக்கும். இன்னொரு கோல்டு ஃபிஷ்தான் சரி. அதுவும் ஏறக்குறைய அதே அளவுல."

"அப்ப ரெண்டு குடும்மா."

"தண்ணி கொண்டாந்தீங்களா?"

அந்தக் கேள்வி வந்ததும் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். போகிற வழியில் வேறு கடையில் வாங்கிக்கொள்வார். அவளுக்கும் அது தெரியும்.

வாங்கிய இரண்டும் மூன்றாம் நாள் மிதந்தன. அடுத்து வாங்கிய இரண்டும் அப்படியே. ருமானி மட்டும் பசிக்குக் கண்ணாடியை முட்டிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிறு, அவர் பிளாஸ்டிக் வாளியோடு வந்தார். உள்ளே ருமானி.

"நீயே வெச்சுக்கோம்மா. இது யாரோடயும் ஒத்துப்போகாது. நாலு பேரைக் கொன்னுடுச்சு."

முப்பது வருஷம் பச்சைக் கொடி காட்டிய மனுஷன், வாளியைக் கீழே வைக்க மனமில்லாமல் நின்றார்.

பிலோமினா வாளியிலிருந்து கொஞ்சம் தண்ணீரைச் சின்னக் குப்பியில் எடுத்து, சோதனை மருந்து சில சொட்டு விட்டுக் குலுக்கினாள். தண்ணீர் செக்கச்செவேல் என்று மாறியது.

"எப்ப சார் மாத்துனீங்க?"

"மாத்தலை. குறைஞ்ச அளவுக்கு மட்டும் ஊத்துவேன்."

"எட்டு மாசமாவா?"

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்னிக்குக் காலைல அவ மாத்தினது. ஆட்டோ வாசல்ல நிக்குது. இடுப்புல சேலையைச் செருகிக்கிட்டு, 'இருங்க, இன்னும் ஒரு குவளை'ங்கறா. அவ கையால ஊத்தின தண்ணிம்மா. அதை எப்படி பாட்டில்ல எடுத்தாந்து உன்கிட்ட குடுப்பேன்?"

சுலோச்சனா ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து, கடை ஸ்டூலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசியது பிலோமினாவுக்கு நினைவு வந்தது. அந்த அக்கா இருந்தால் கடை கலகலவென்று இருக்கும்.

"ருமானி ஒண்ணும் பண்ணலை சார். தண்ணி கெட்டுப்போச்சு. இது கூடவே இருந்து கொஞ்சங்கொஞ்சமா பழகிக்கிச்சு. புதுசா வந்ததுங்களால முடியலை. இனிமே இதுவும் ரொம்ப நாள் தாங்காது."

"அப்ப மொத்தமா கொட்டிடட்டுமா?"

"ஒரேயடியா மாத்துனாலும் தாங்காது. தினம் ஒரு குவளை எடுங்க. முந்தின நாளே பிடிச்சு வெச்ச தண்ணியில ஒரு குவளை ஊத்துங்க. ரெண்டு மாசம் கழிச்சு பாட்டிலோட வாங்க."

அவர் ருமானியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்.

எடுத்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட மனம் வரவில்லை. சுலோச்சனா வைத்த நந்தியாவட்டைக்கு ஊற்றினார். முதல் குவளைக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அப்புறம் பழகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து வந்தார். கையில் அதே ஊறுகாய் பாட்டில். பிலோமினா மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்தாள். இந்தத் தடவை சிவக்கவில்லை, வெளிறிய மஞ்சளாகத்தான் இருந்தது.

ருமானி அளவுக்கு ஒரு மீனைத் தேடிப் பிடித்து, பையில் விட்டு, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு, போகாமல் நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு குருவே. தினம் எடுக்கறேன். அவ ஊத்தினது என்னிக்குத் தீரும்? அந்த நாளாவது எனக்குத் தெரியணும்."

பிலோமினா கல்லாவுக்குப் பின்னால் இருந்த பெரிய தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது எங்கப்பா ஊத்துன தண்ணி சார். அவரு போய் பதினாலு வருஷம் ஆச்சு."

"வாராவாரம் நீ இதை மாத்தறதை நானே பாத்திருக்கேனேம்மா?"

"ஆமா சார். ஒரு தடவையும் முழுசா மாத்துனதில்லை."